பாக்டீரியா ஒளிர்ந்தால் பயோசர்ஃபாக்டன்ட் உருவாகிவிட்டது என்று கொள்ளலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன். சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியாவில், பரப்பு இழுவிசையைக் குறைக்கும் ராம்னோலிப்பிட் என்ற பயோசர்ஃபாக்டன்ட்டைத் தயாரிக்கும் மரபணுக்களின் புரமோட்டரோடு (வாசிப்பைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதியோடு) பச்சை ஒளிர்புரதத்தின் மரபணுவை இணைத்து ஒரு திரிபை உருவாக்கியிருக்கிறீர்கள். வளர்ப்பு 10 மணி நேரத்தைத் தாண்டியதும் ஒளிர்வு ஏறத் தொடங்கி, மறுநாள் வரை ஏறிக்கொண்டே போகிறது. பரப்பு இழுவிசையோ மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் அருகே வந்ததும் அசையாமல் நின்றுவிடுகிறது. இவற்றில் எதை நம்புவது, ஒளிர்வை மட்டும் வைத்து உற்பத்தியைக் கணக்கிட முடியுமா, இதே திரிபை எண்ணெய் படிந்த மண்ணில் விட்டுக் கண்காணிக்க முடியுமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

இரண்டு அளவீடுகளையுமே நம்பலாம். ஆனால் அவை இரண்டும் ஒரே பொருளை அளப்பவை அல்ல. ஒளிர்வு, அந்த மரபணு வாசிக்கப்படுகிறது என்பதைச் சொல்கிறது. பரப்பு இழுவிசை, சுரக்கப்பட்ட பொருள் நீர்ப்பரப்பை நிரப்பும் அளவுக்கு வந்துவிட்டதா என்பதைச் சொல்கிறது. நீங்கள் அறிய விரும்புவது லிட்டருக்கு எத்தனை கிராம் ராம்னோலிப்பிட் உண்டானது என்பதை. அதை இவ்விரண்டில் எதுவும் தனியாகச் சொல்லாது.

இழுவிசை நின்றுபோனதற்கான காரணம் எளிது. பயோசர்ஃபாக்டன்ட் என்பது நுண்ணுயிர்கள் தாமே சுரக்கும், நீரை நாடும் தலையும் நீரை விலக்கும் வாலும் கொண்ட மூலக்கூறு. முதலில் சுரக்கும் மூலக்கூறுகள் நீர்ப்பரப்பில் போய் அணிவகுத்து நிற்பதால், தூய நீரில் 72 ஆக இருக்கும் இழுவிசை ராம்னோலிப்பிட்டால் 30 அளவுக்கும், பேசில்லஸ் சப்டிலிஸ் சுரக்கும் சர்ஃபாக்டினால் 27 அளவுக்கும் இறங்குகிறது. பரப்பில் இடம் நிரம்பிய பிறகு வருபவை நீருக்குள்ளேயே ஒன்றுகூடி மிசெல் எனப்படும் நுண்ணுருண்டைகளாகிவிடுகின்றன. அதன்பின் எவ்வளவு சேர்ந்தாலும் இழுவிசை குறையாது. ராம்னோலிப்பிட் கலவையைப் பொறுத்து மாறினாலும், இந்த எல்லைச் செறிவு பெரும்பாலும் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம்தான். நன்றாகச் சுரக்கும் வளர்ப்பு கிராம் கணக்கில் தரும் என்பதால், உற்பத்தியின் தொடக்கத்திலேயே இழுவிசைமானி தரைதட்டிவிடுகிறது. மையவிலக்கியில் செல்களை நீக்கிய தெளிந்த நீரை 10 மடங்கும் 100 மடங்கும் நீர்த்துவிட்டு அளந்து பாருங்கள். முதல் நாள் மாதிரியில் 100 மடங்கு நீர்த்ததும் இழுவிசை 60க்கு மேல் எகிறி, இரண்டாம் நாள் மாதிரியில் அதே நீர்ப்பில் 40 அளவில் நின்றால், நேராகப் பார்க்கும்போது ஒன்றுபோலத் தெரிந்த இரண்டுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருந்தது என்பது உங்களுக்கே விளங்கும்.

இனி ஒளிர்வுக்கு வருகிறேன். விளக்கம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். சூடோமோனாஸில் ராம்னோலிப்பிட் உருவாவது ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. செல்கள் பியூட்டனாயில் ஹோமோசெரின் லாக்டோன் என்ற சிறு மூலக்கூறை வெளியே விடுகின்றன. கூட்டம் அடர்ந்து அதன் செறிவு ஏறியதும் ஆர்எச்எல்-ஆர் என்ற ஒழுங்குபடுத்தும் புரதம் அதனோடு பிணைந்து, ஆர்எச்எல்-ஏபி ஓபரானின் (ஒரே தொடராக வாசிக்கப்படும் மரபணுக் கூட்டத்தின்) புரமோட்டரைத் திறக்கிறது. தூது ஆர்.என்.ஏ. எழுதப்படுகிறது, அதிலிருந்து இரண்டு நொதிகள் உருவாகின்றன. ஆர்எச்எல்-ஏ நொதி இரண்டு ஹைட்ராக்சி கொழுப்பமிலத் துண்டுகளைக் கோர்க்கிறது. ஆர்எச்எல்-பி அதன்மேல் ராம்னோஸ் சர்க்கரையை ஏற்றுகிறது. வேறிடத்தில் இருக்கும் ஆர்எச்எல்-சி மரபணுவின் நொதி தேவைப்பட்டால் இரண்டாவது ராம்னோஸையும் சேர்க்கிறது. பிறகுதான் பொருள் செல்லை விட்டு வெளியேறுகிறது. உங்கள் ஒளிர்புரதம் இந்தச் சங்கிலியில் எழுதும் கட்டத்தை மட்டும் பார்க்கிறது. அதற்கு அப்பால் நடக்கும் எதுவும் அதன் கண்ணில் படாது.

இது வெறும் கோட்பாட்டுக் கவலை அல்ல என்பதற்கு, உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் பேசில்லஸ் சப்டிலிஸ் 168 திரிபைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சர்ஃபாக்டின் தயாரிக்கும் பெரிய ஓபரான் அந்தத் திரிபில் முழுமையாக இருக்கிறது. அதன் புரமோட்டரும் நன்றாக வேலை செய்கிறது. அந்த ஓபரானின் நடுவே, செல் வெளியிலிருந்து டி.என்.ஏ.வை உள்வாங்கும் திறனுக்கு வேண்டிய காம்-எஸ் என்ற சிறு மரபணு பொதிந்திருக்கிறது. 168 திரிபை மரபணு மாற்றுவது இவ்வளவு எளிதாக இருப்பதில் அந்த ஓபரானுக்கும் பங்குண்டு. ஆனால் அத்திரிபு சர்ஃபாக்டின் சுரப்பதில்லை. சர்ஃபாக்டினைக் கோர்க்கும் பெரிய நொதிகளின்மேல் பாஸ்ஃபோபான்டெதின் என்ற கை போன்ற பகுதியை ஒட்டவைத்தால்தான் அவை இயங்கும். அதை ஒட்டும் எஸ்எஃப்பி நொதியின் மரபணு 168 திரிபில் வாசிப்புச் சட்டம் பிறழ்ந்து கெட்டுக் கிடக்கிறது. இந்தத் திரிபில் சர்ஃபாக்டின் புரமோட்டரோடு ஒளிர்புரதத்தை இணைத்தால் வளர்ப்பு அழகாக ஒளிரும், ஆனால் தெளிந்த நீரின் ஒரு துளியை எண்ணெய்ப் படலத்தின்மேல் விட்டால், சர்ஃபாக்டின் இருந்தால் விலகவேண்டிய படலம் விலகாது. பழுதில்லாத எஸ்எஃப்பி மரபணுவை உள்ளே கொடுத்தால் அதே திரிபு சர்ஃபாக்டின் சுரக்கத் தொடங்குகிறது. இந்த வேலையில் புதிதாக இறங்கும் எவரும் முதலில் இந்தச் சோதனையைத் தம் கையால் ஒருமுறை செய்து பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் சூடோமோனாஸிலும் இதே இடைவெளி வேறு வடிவங்களில் இருக்கிறது. ஆர்எச்எல்-ஏ தூது ஆர்.என்.ஏ.வின் முன்பகுதி, வெப்பத்தை உணரும் ஒரு மடிப்பாக அமைந்திருக்கிறது. 30 பாகை செல்சியஸில் அது மடிந்து புரதம் கட்டும் ரைபோசோம் அமரவேண்டிய இடத்தை மூடிக்கொள்கிறது. 37 பாகையில் தளர்ந்து திறக்கிறது. உங்கள் இணைப்பில் புரமோட்டர் மட்டும் இருந்து, இந்த மடிப்பு இல்லாமல் ஒளிர்புரதத்துக்கு வேறொரு ரைபோசோம் பிணைப்பிடம் கொடுக்கப்பட்டிருந்தால், 30 பாகையில் வளர்த்தபோதும் ஒளிர்வு குறையாது, ஆனால் நொதி குறையும். ஆகவே எந்த இடம் வரையிலான டி.என்.ஏ. துண்டை எடுத்து இணைத்தீர்கள் என்பதை வரிசை எழுத்து அளவில் சரிபாருங்கள். அதேபோல் நொதிகள் நிறைந்திருந்தாலும், கொழுப்பமிலத் துண்டுகளோ ராம்னோஸ் ஏறிய நியூக்ளியோடைடோ பற்றாக்குறையானால் பொருள் உருவாகாது. செல்லுக்குள் சேமிக்கப்படும் பாலிஹைட்ராக்சி அல்கனோயேட் என்ற பிளாஸ்டிக் போன்ற பொருளுக்கும் இதே கொழுப்பமில வழிதான் கச்சாப்பொருள் தருகிறது. இரண்டும் ஒரே கிணற்றில் நீர் இறைப்பவை.

ஒளிர்புரதத்தின் இயல்பையும் மறக்கக்கூடாது. இது ஏக்குவோரியா விக்டோரியா என்ற சொறிமீனிலிருந்து வந்தது. ஒசாமு ஷிமோமுரா 1962இல் இதை அறிவித்தார். டக்ளஸ் பிராஷர் 1992இல் மரபணுவைப் பிரித்தெடுத்தார். மார்ட்டின் சால்ஃபி 1994இல் பாக்டீரியாவிலும் புழுவிலும் ஒளிரச் செய்தார். ரோஜர் சியன் பல நிறங்களில் மாற்றியமைத்தார். ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் 2008இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வேறு எந்தத் துணைப்பொருளும் இல்லாமல், 238 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம் தனக்குள்ளேயே ஒளிரும் மையத்தை அமைத்துக்கொள்வதுதான் இதன் தனிச்சிறப்பு. ஆனால் அந்த மையம் அமைய ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். செல்கள் அடர்ந்து ஆக்சிஜன் தீர்ந்துபோன வளர்ப்பில் புரதம் உருவாகியும் ஒளிராமல் காத்திருக்கும். நீங்கள் மாதிரியை வெளியே எடுத்துக் குலுக்கியதும் சில நிமிடங்களில் ஒளிரத் தொடங்கும். எடுத்தவுடன் ஒரு அளவீடு, அரைமணி நேரம் காற்றோட்டத்தில் வைத்தபின் இன்னொரு அளவீடு என்று இரண்டையும் குறித்து வைத்தால் இந்தப் பிழை உடனே அகப்பட்டுவிடும்; காத்திருக்கும் நேரத்தில் புதுப் புரதம் உருவாகாதபடி, புரதத் தயாரிப்பைத் தடுக்கும் ஆன்டிபயாட்டிக் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இந்தப் புரதம் எளிதில் அழிவதில்லை என்பது அடுத்த பண்பு. சாதாரண வடிவம் பாக்டீரியாவுக்குள் ஒரு நாளுக்கு மேலும் நிலைத்திருக்கும். மரபணு மூடப்பட்ட பிறகும் ஒளிர்வு குறையாமல் இருப்பது இதனால்தான். பலர் இதைக் குறையாகவே எழுதுகிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. ராம்னோலிப்பிட்டும் வளர்ப்பில் சேர்ந்துகொண்டே போகும் பொருள்தான், சூடோமோனாஸ் அதை விரைவாகத் தின்று தீர்ப்பதில்லை. ஆகவே நிலையான ஒளிர்புரதத்தின் மொத்த ஒளிர்வு, சேர்ந்த பொருளின் மொத்த அளவோடு ஒப்பிடத்தக்கது. அந்த ஒளிர்வு ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு ஏறுகிறது என்பதைச் செல் அளவால் வகுத்தால் கிடைப்பது உற்பத்தி வேகத்தோடு ஒப்பிடத்தக்கது. பெரும்பாலான குழப்பங்கள், மொத்த ஒளிர்வைச் செல் அளவால் வகுத்த எண்ணைக் கொண்டுபோய் உற்பத்தி வேகத்தோடு ஒப்பிடுவதால் வருபவை. மரபணு எப்போது மூடப்படுகிறது என்பதை அறிய விரும்பினால் மட்டும், செல்லின் புரதச் சிதைப்பான்கள் அடையாளம் காணும் சிறு வாலை ஒட்டிய, 40 நிமிடம் முதல் சில மணி நேரத்துக்குள் பாதியாகக் குறையும் வடிவங்களை எடுங்கள். அவற்றில் ஒளிர்வு மங்கலாக இருக்கும் என்பதையும் எதிர்பாருங்கள்.

சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: அது தானாகவே ஒளிரும். இரும்புச்சத்து குறைந்த ஊடகத்தில் அது சுரக்கும் பையோவெர்டின் என்ற நிறமி, சுமார் 400 நானோமீட்டர் ஒளியை உள்வாங்கிச் சுமார் 460 நானோமீட்டரில் உமிழ்கிறது; அந்த உமிழ்வின் வால் பச்சைப் பகுதிக்குள்ளும் நீள்கிறது. இரும்புக் குறைவு ராம்னோலிப்பிட் சுரப்பையும் தூண்டக்கூடியது என்பதால், நீங்கள் தேடும் மாற்றமும் அதைப் போலவே தோற்றமளிக்கும் போலி மாற்றமும் ஒரே நேரத்தில் ஏறும். இது போதாதென்று, ஆர்எச்எல் அமைப்பின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும் பையோசயனின் என்ற நீல நிறமி, செல் அடர்த்தியை அளக்க நாம் பயன்படுத்தும் 600 நானோமீட்டர் ஒளியையும் ஓரளவு விழுங்குகிறது. 488 நானோமீட்டரில் தூண்டி 510 அருகே அளப்பது நல்லது. பழைய கருவிகளில் இருக்கும் 395 நானோமீட்டர் வடிகட்டியைத் தொடவே வேண்டாம். அதைவிட உறுதியான வழி, 1 மில்லிலிட்டர் மாதிரியை மையவிலக்கியில் சுழற்றி, பச்சை கலந்த மஞ்சள் நீரை ஊற்றிவிட்டு, செல் வண்டலை உப்புத் தாங்கல் கரைசலில் கரைத்து அளப்பது. நிறமிகளின் பெரும்பகுதி அந்த ஊற்றிய நீரோடு போய்விடும்.

96 குழித் தட்டில் அளப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். நான் இதை உணர்ந்தது, பதினான்கு மணி நேரம் வளர்ந்த தட்டு ஒன்றைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, விளக்கின் எதிரே பக்கவாட்டில் பார்த்தபோதுதான். ராம்னோலிப்பிட் சுரக்காத திரிபு இருந்த குழிகளில் நீர்ப்பரப்பு ஏறக்குறைய தட்டையாக இருந்தது. சுரக்கும் திரிபு இருந்த குழிகளில் நீர் ஓரங்களில் சுவரேறி, நடுவே பள்ளமாக, பிறை போல வளைந்திருந்தது. நடுவில் ஆழம் குறைந்தால், மேலிருந்து கீழே செல்லும் ஒளிக்கதிர் கடக்கும் தொலைவும் குறையும். வளைந்த பரப்பு குழிவில்லை போலக் கதிரைச் சிதறவும் அடிக்கும். அதாவது, அளக்கவேண்டிய பொருளே அளவுகோலை வளைத்துவிடுகிறது. கோடுகள் அச்சிட்ட தாளைத் தட்டின் அடியில் வைத்து மேலிருந்து பார்த்தால், சுரக்கும் குழிகளில் கோடுகள் நெருங்கிச் சுருங்கித் தெரியும். பயோசர்ஃபாக்டன்ட் இருப்பதை விரைவாகக் கண்டறியும் சோதனையாகவே இதைப் பயன்படுத்துகிறார்கள். ஒளிர்வை அளக்கும்போது இதுவே பிழையாகிறது. அடியிலிருந்து தூண்டி அடியிலேயே அளக்கும் கருவியில் இந்தப் பிழை குறையும், முற்றிலும் மறையாது.

இதைக் கணக்கில் கொள்ள ஒரே ஒரு நேர்மையான கட்டுப்பாட்டுத் திரிபு இருக்கிறது: ஆர்எச்எல்-ஏ மரபணு நீக்கப்பட்டு, அதே புரமோட்டரும் அதே ஒளிர்புரதமும் குரோமோசோமின் வேறிடத்தில் வைக்கப்பட்ட திரிபு. அது ஒளிரும், ஆனால் ராம்னோலிப்பிட்டைச் சுரக்காது. உங்கள் திரிபுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் பொருளின் இருப்பால் வரும் ஒளியியல் பிழைகள் தெரியும். இதோடு ஒளிர்புரதமே இல்லாத தாய்த்திரிபும், புரமோட்டர் இல்லாமல் ஒளிர்புரத மரபணு மட்டும் உள்ள திரிபும் ஒவ்வொரு தட்டிலும் இருக்கவேண்டும். இணைப்பைப் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தில் வைப்பதைவிட, டிஎன்7 இடமாறும் கூறின் உதவியால் குரோமோசோமில் ஒரே பிரதியாகப் பதிப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். பிளாஸ்மிட்டில் பல பிரதிகள் இருந்தால், இருக்கிற கொஞ்சம் ஆர்எச்எல்-ஆர் புரதத்தை அந்தப் புரமோட்டர் பிரதிகளே பங்குபோட்டுக்கொள்ள, உண்மையான ஓபரானுக்குப் போவது குறைந்துவிடலாம். கண்காணிப்பதற்காக வைத்த கருவியே உற்பத்தியைக் கெடுத்துவிடும். எப்போதும் இயங்கும் புரமோட்டரின்கீழ் எம்செரி போன்ற சிவப்பு ஒளிர்புரதம் ஒன்றையும் சேர்த்தால், செல் அளவுக்கு ஒளி அடர்த்தியை (வளர்ப்பு 600 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவை) நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஒளி அடர்த்தியை நம்பமுடியாமல் போகும் இடம் எண்ணெய் ஊடகம். தாவர எண்ணெயையோ ஹெக்சாடெக்கேன் என்ற ஹைட்ரோகார்பனையோ உணவாகக் கொடுத்தால், முதல் நாள் மேலே தெளிவான எண்ணெய்ப் படலமும் கீழே தெளிந்த நீருமாக இருந்தது, சுரப்பு தொடங்கியதும் பால் போன்ற ஒரே குழம்பாக மாறுகிறது. அந்த வெண்மை செல்களால் வந்ததன்று. கருவி காட்டும் அடர்த்தி பல மடங்கு ஏறும், அதனால் வகுத்த ஒளிர்வு திடீரென்று சரியும், மரபணு மூடிவிட்டது என்று முடிவு எழுதப்படும். செல்களும் எண்ணெய்த் துளிகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மையவிலக்கியில் கீழே இறங்காமல் மேலே மிதக்கும். ஒளிர்வைக் கொண்டு நேரத்தையும் கட்டுப்பாட்டையும் படிக்கும் சோதனைகளுக்குக் குளுக்கோஸ் அல்லது கிளிசரால் போன்ற நீரில் கரையும் உணவையே பயன்படுத்துங்கள். நைட்ரஜனை நைட்ரேட்டாகக் கொடுத்து, அது கார்பனுக்கு முன் தீரும்படி அமைத்தால் ராம்னோலிப்பிட் சுரப்பு நன்றாகத் தெரியும். பெரிய கலத்தில் காற்றை ஊதும்போது நுரையோடு செல்களும் மேலேறிவிடும் என்பதால், அடியில் எடுத்த மாதிரி முழுக் கலத்தையும் சொல்லாது.

ஒளிர்வை எடையாக மாற்றும் வேலைக்குக் குறுக்குவழி இல்லை. ஒரே வளர்ப்பிலிருந்து எட்டு முதல் பத்து நேரப்புள்ளிகளில் மாதிரி எடுத்து, ஒரு பாதியில் ஒளிர்வையும் மறுபாதியில் உண்மையான பொருளையும் அளங்கள். பொருளை அளக்க, தெளிந்த நீரை அமிலமாக்கி, எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுத்து, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை மூலம், முடிந்தால் நிறை நிறமாலைமானியோடு இணைத்துச் செய்வதே நம்பத்தக்கது. சர்க்கரையை நிறமாற்றத்தால் அளக்கும் ஆர்சினால் சோதனை மலிவானது, ஆனால் ஊடகத்தில் மிஞ்சிய மற்றச் சர்க்கரைகளோடும் வினைபுரிந்து அளவை மிகைப்படுத்திக் காட்டும். கருவியின் எண்ணை அப்படியே எழுதாமல், ஃபுளோரசீன் சாயத்தின் அறிந்த செறிவுகளோடு ஒப்பிட்டு எழுதினால் அடுத்த ஆய்வகத்தாரும் உங்கள் எண்களைப் பயன்படுத்தமுடியும். இப்படிக் கிடைக்கும் நேர்கோடு அந்தத் திரிபுக்கும் அந்த ஊடகத்துக்கும் அந்த வெப்பநிலைக்கும் மட்டுமே செல்லுபடியாகும். உணவை மாற்றினால் கோட்டையும் புதிதாகப் போடவேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கைகளுக்குப் பிறகு இந்த முறையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எப்போது, எங்கே, எந்தச் செல் என்ற மூன்று கேள்விகளுக்கும் இதற்கு இணையான கருவி இல்லை. வண்ணப்பிரிகைக்கு ஒரு நாளில் பத்து மாதிரிகள் கொடுப்பதே பெரும்பாடு. ஒளிர்வை 10 நிமிடத்துக்கு ஒருமுறை, 96 நிலைமைகளில், ஒரே இரவில் அளந்துவிடலாம். உயிரிப்படலத்துக்குள் (பரப்பில் ஒட்டி வளரும் பாக்டீரியாக் கூட்டத்துக்குள்) ராம்னோலிப்பிட் மரபணுக்கள் எங்கும் ஒரே சீராக இயங்குவதில்லை, படலம் வளர்ந்த பிறகு குறிப்பிட்ட இடங்களில்தான் விழிக்கின்றன என்பதை 2005இல் காட்டியது, இத்தகைய ஒளிர்புரத இணைப்பும் கன்ஃபோக்கல் நுண்நோக்கியும்தான். சாறெடுத்து அளக்கும் எந்த முறையாலும் அதைக் கண்டிருக்க முடியாது. பேசில்லஸ் சப்டிலிஸ் கூட்டத்தில் எல்லாச் செல்களும் சர்ஃபாக்டின் சுரப்பதில்லை, ஒரு பகுதி மட்டுமே சுரக்கிறது, அந்தச் சர்ஃபாக்டினை உணர்ந்து வேறொரு பகுதி படலத்தின் பசைப்பொருளை உருவாக்குகிறது என்பதும் இவ்வழியே வெளிப்பட்டதுதான்.

தனித்தனிச் செல்களாகப் பிரித்து, அதிகம் ஒளிர்பவற்றைத் தேர்ந்தெடுத்துச் சிறந்த உற்பத்தித் திரிபைக் கண்டுபிடிக்கலாமே என்ற எண்ணம் இயல்பாக வரும். அதில் கவனம் தேவை. அதிகம் ஒளிரும் செல் அதிகம் வாசிக்கும் செல்தான், அதிகம் சுரக்கும் செல்லாக இருக்கவேண்டியதில்லை. அப்படித் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் புரமோட்டர் மாறியவையும் ஒளிர்புரதம் மாறியவையும்தான் முன்னே வரும். ஒவ்வொரு செல்லையும் எண்ணெயில் மிதக்கும் நுண்துளிக்குள் அடைத்து, அது சுரப்பதை அதனுடனேயே வைத்திருக்கலாம் என்றால், பயோசர்ஃபாக்டன்ட் அந்தத் துளியின் பரப்பையே குலைக்கக்கூடியது. தேர்ந்தெடுத்த சில நூறு செல்களைத் தனித்தனியாக வளர்த்து, எண்ணெய்ப் படலம் விலகும் சோதனையால் வடிகட்டி, மிஞ்சியவற்றை மட்டும் வண்ணப்பிரிகைக்கு அனுப்புவதே இன்னும் நம்பிக்கையான வழி.

மரபணுவைப் பார்க்காமல் பொருளையே உணரும் ஒளிர்பாக்டீரியா வேண்டும் என்றால் அதற்கும் பாதை இருக்கிறது. ராம்னோலிப்பிட் பட்டதும் பேசில்லஸ் சப்டிலிஸின் செல்லுறை தாக்குண்டு, லியா-ஆர்எஸ் என்ற இரட்டைப் புரத அமைப்பு விழித்து, லியா-ஐ புரமோட்டரைத் திறக்கிறது. தாக்கம் இல்லாதபோது அந்தப் புரமோட்டர் ஏறக்குறைய மூடியே இருப்பதால், அதனோடு ஒளிர்புரதத்தை இணைத்தால் பின்னணி மிகக் குறைந்த உணரி கிடைக்கும். உங்கள் உற்பத்தித் திரிபின் தெளிந்த நீரைப் பல நீர்ப்புகளில் இந்த உணரியின்மேல் இடவேண்டும். செறிவு மிகுந்தால் உணரிச் செல்கள் இறந்து ஒளிர்வு குறைவதால், ஒரே நீர்ப்பில் அளந்தால் மிக அதிகமும் மிகக் குறைவும் ஒன்றுபோலவே தோன்றும். இந்தப் புரமோட்டர் ராம்னோலிப்பிட்டுக்கு மட்டும் உரியதன்று, பேசிட்ராசின் போன்ற செல்லுறை ஆன்டிபயாட்டிக்குகளும் அதை வலுவாகத் திறக்கும். ஆகவே ஊடகத்தில் அத்தகையவை இருக்கக்கூடாது. ஆர்எச்எல்-ஏ நீக்கப்பட்ட திரிபின் தெளிந்த நீரையும் எப்போதும் இணையாகச் சோதிக்கவேண்டும்.

உற்பத்தியே உங்கள் நோக்கம் என்றால், நோயுண்டாக்கக்கூடிய ஏருஜினோசாவை விட்டுவிட்டு, ஆர்எச்எல்-ஏ, ஆர்எச்எல்-பி மரபணுக்களைச் சூடோமோனாஸ் பூட்டிடா கேடி2440 திரிபில் வைப்பதைப் பரிசீலியுங்கள். அங்கே கூட்டம் அடரும்வரை காத்திருக்கும் கட்டுப்பாடு இல்லை. செயற்கைப் புரமோட்டரின்கீழ் தொடக்கத்திலிருந்தே சுரக்கவைக்கலாம். ஒளிர்புரத மரபணுவை அதே ஓபரானின் வாலில், ஆர்எச்எல்-பிக்கு அடுத்து வைத்தால், ஒரே தூது ஆர்.என்.ஏ.விலிருந்து மூன்றும் உருவாவதால் ஒளிர்வுக்கும் நொதி அளவுக்கும் உள்ள உறவு நெருக்கமாகிறது. பையோசயனின் தொல்லையும் இல்லை. பையோவெர்டின் மட்டும் பூட்டிடாவிலும் உண்டு என்பதால், ஊடகத்தில் இரும்பைப் போதுமான அளவு கொடுங்கள்.

கடைசிக் கேள்வி, மண்ணில் விடுவது. மரபணு மாற்றிய பாக்டீரியாவைத் திறந்த வெளியில் விடப் பெரும்பாலான நாடுகளில் முறையான அனுமதி வேண்டும். ஏருஜினோசா திறந்த புண்ணிலும் நுரையீரலிலும் தொற்றக்கூடியது என்பதால், அதற்காக விண்ணப்பிப்பதையே நான் தவறு என்று கருதுகிறேன். இத்துறையில் முன்னோடியாகச் சொல்லப்படுவது 1996இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் நடந்த சோதனை: நாப்தலீனைச் சிதைக்கும்போது லக்ஸ் மரபணுக்களால் தானே ஒளி உமிழும் சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸ் எச்கே44 திரிபை, வெளிமண்ணோடு கலக்காதபடி அடைத்த லைசிமீட்டர் தொட்டிகளில் விட்டு, ஒளியிழைகளால் கண்காணித்தார்கள். அந்த ஒளியைக் காண வெளியிலிருந்து தூண்டும் ஒளி தேவையில்லை என்பதை இங்கே கவனியுங்கள். உங்கள் பச்சை ஒளிர்புரதத்துக்கு நீல ஒளி தேவை. மண்ணுக்குள் அது புகாது, மண்ணிலுள்ள மட்கிய பொருளும் எண்ணெயிலுள்ள அரோமாட்டிக் சேர்மங்களும் தாமே ஒளிர்ந்து அதை மறைத்துவிடும். அதே மண்ணை மூடிய குடுவையில் வைத்து, ஒவ்வொரு நாளும் ஒரு கிராம் எடுத்துத் தாங்கல் கரைசலில் குலுக்கி, மண்துகள் படிந்தபின் மேல்நீரை, செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கதிர் வழியே விட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் செலுத்தி, சிவப்பாகவும் பச்சையாகவும் ஒளிரும் செல்களை எண்ணுங்கள். சிவப்பு உங்கள் திரிபு இன்னும் அங்கே இருக்கிறதா என்பதைச் சொல்லும். பச்சை அதில் எத்தனை செல்கள் ராம்னோலிப்பிட் மரபணுவைத் திறந்திருக்கின்றன என்பதைச் சொல்லும். மண்ணோடு பிணைந்துகொள்ளும் ராம்னோலிப்பிட்டை மட்டும் தனியே சாறெடுத்துத்தான் அளக்கவேண்டும். சோதனை முடிந்ததும் குடுவையை 121 பாகையில், மண் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் என்பதால் வழக்கமான 15 நிமிடத்தைவிடக் கூடுதல் நேரம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள்.